கவனித்துச் சாப்பிடுவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மூன்று வருஷம் முன்பு ஒரு நாள் ராத்திரி என் மனைவி, "இன்னிக்குப் பொரியல்ல உப்பு சரியா இருந்துதா?" என்று கேட்டாள். எனக்கு என்ன பொரியல் என்பதே நினைவில்லை. டப்பா காலியாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது, காலி செய்ததும் நான்தான், ஆனால் மதியம் முழுக்க போனில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. முட்டைகோஸ் என்று குத்துமதிப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். அன்று வாழைப்பூ. ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுத்து, ஆய்ந்து, மோரில் போட்டு, காலையில் அவள் முக்கால் மணி நேரம் செலவழித்த பொரியல்.

அதன் பிறகுதான் போனை வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். நான் டயட்டீஷியன் இல்லை, யோகா மாஸ்டர் இல்லை, ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் சாப்பாட்டு அறையில் போன் இல்லாமல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் கேள்வி வராமல் இருக்குமா? வந்ததையெல்லாம் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

மைண்ட்ஃபுல் ஈட்டிங்னா என்ன? கண்ணை மூடி தியானம் பண்ணிக்கிட்டே சாப்பிடறதா?

இல்லை. வாயில் இருப்பதை வாயில் இருக்கும்போதே கவனிப்பது, அவ்வளவுதான். எவ்வளவு சூடு, எது குழைந்திருக்கிறது, எது கரகரவென்று இருக்கிறது, புளிப்பு முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா, இன்னொரு வாய் வேண்டுமா, போதுமா. கண் திறந்தே இருக்கலாம்.

தியானத்தோடு சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜான் கபாட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியும் மன அழுத்தமும் உள்ள நோயாளிகளுக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அதில் ஒரே ஒரு உலர்திராட்சையை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துச் சில நிமிஷம் எடுத்துச் சாப்பிடும் பாடம் ஒன்று உண்டு. பாயசத்துக்கு வாங்கி வைத்த திராட்சையில் நானும் செய்து பார்த்தேன். காம்பு ஒட்டியிருந்த இடத்தில் லேசாக ஒரு கசப்பு இருப்பது நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டால் மதியச் சாப்பாடு முடிய சாயங்காலம் ஆகிவிடும், அது தேவையில்லை.

சாம்பார்னா சாம்பார்தானே, அதுல கவனிக்கறதுக்கு என்ன இருக்கு?

இதற்கு வாயால் பதில் சொல்வதை விட்டுவிட்டேன், இரண்டு சோதனை செய்யச் சொல்கிறேன். முதலாவது ரசம். மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு ஒரு வாய் ரசம் வாயில் வையுங்கள். புளிப்பு தெரியும், உப்பு தெரியும், தொண்டையில் எரியும், அதோடு சரி, சுடுநீரில் புளி கரைத்த மாதிரி இருக்கும். விழுங்கிவிட்டு மூக்கிலிருந்து கையை எடுத்து மூச்சை விடுங்கள். பெருங்காயம், சீரகம், கொத்தமல்லி எல்லாம் ஒரே நொடியில் வந்து இறங்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கருவாட்டிலும் காளானிலும் வருகிற அந்த உமாமி. மற்றபடி நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது அது தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்குக்குப் போகிறது. மென்று மூச்சு விட நேரம் கொடுக்காமல் உள்ளே தள்ளினால் பாதி ரசத்தைச் சாப்பிடாமலே விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, வெறும் சோறு. குழம்பு ஊற்றும் முன் ஒரு சின்ன வாய் எடுத்து ஒரு நிமிஷம் விழுங்காமல் மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்க ஆரம்பிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதால் வருவது அது. பிறந்ததிலிருந்து சோறு சாப்பிடுகிறோம், அது இனிக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, எங்க ஆரம்பிக்கறது? முழுச் சாப்பாடும் இப்படிச் சாப்பிட எனக்குப் பொறுமை கிடையாது.

எனக்கும் கிடையாது. முதல் மூன்று கவளம் மட்டும் கவனியுங்கள், அதற்கப்புறம் மனம் எங்கே போனாலும் போகட்டும்.

ஏன் முதல் மூன்று என்றால், ருசி உச்சத்தில் இருப்பது அங்கேதான். ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தப் பண்டத்தின் மேல் இருக்கும் ஆசை மட்டும் இறங்கிக்கொண்டே போகும், வேறு பண்டத்தின் மேல் ஆசை அப்படியே இருக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். "வயிறு நிறைஞ்சாச்சு" என்று எழுந்திருக்கப்போகிறவர் பாயசத்தைப் பார்த்ததும் திரும்ப உட்கார்வது இதனால்தான். நம் சாப்பாட்டு வரிசை இதற்கென்றே அமைத்த மாதிரி இருக்கிறது: சாம்பார் சலிக்கும் நேரத்தில் ரசம், ரசம் சலிக்கும்போது மோர். ஒவ்வொன்று மாறும்போதும் மறுபடி முதல் மூன்று கவளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சாப்பாட்டில் மூன்று உச்சம் கிடைக்கிறது, கூடுதல் செலவு எதுவும் இல்லாமல்.

32 தடவை மெல்லணுமாமே? எண்ணிக்கிட்டே சாப்பிடணுமா?

எண்ண ஆரம்பித்தால் கவனம் எண்ணிக்கைக்குப் போய்விடும், ருசிக்குப் போகாது. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஹோரஸ் ஃப்ளெச்சர் என்று ஒரு வியாபாரி, உணவு வாயிலேயே தண்ணீராகும் வரை மெல்ல வேண்டும் என்று பிரசாரம் செய்து, அது அங்கே பெரிய மோகமாகவே ஆனது. இட்லியை 32 தடவை எப்படி மெல்வது? எட்டாவது தடவையில் அது காணாமல் போயிருக்கும். மட்டன் சுக்காவுக்கு 32 போதாது. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் ஊரில் சொன்னவர்கள்கூட எண்ணிக்கையை வயதுக்குத்தான் வைத்தார்கள், மெல்லுவதற்கு வைக்கவில்லை.

ஒன்றே ஒன்று பாருங்கள், உங்கள் கையை. வாய் இன்னும் மென்றுகொண்டிருக்கும்போதே கை அடுத்த உருண்டையைப் பிடித்துத் தயாராக வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நிற்கும். அது நின்றால் வாய் அவசரப்படும். வாயில் இருப்பது உள்ளே போன பிறகு அடுத்ததைப் பிசைந்தால் போதும், வேகம் தானாகக் குறைந்துவிடும்.

டிவி பார்த்துக்கிட்டே சாப்பிட்டா என்ன தப்பு? எனக்குக் கிடைக்கிற ஓய்வே அந்த அரை மணி நேரம்தான்.

தப்பு என்று யார் சொன்னது? நஷ்டம் என்று சொல்கிறேன். முதல் நஷ்டம் ருசி. இரண்டாவது, சாப்பிட்டது நினைவில் தங்காது, என் வாழைப்பூ கதை மாதிரி. இந்த நினைவு சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹிக்ஸ் செய்த ஆய்வில், மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னவர்கள் அதற்கப்புறம் பிஸ்கட்டைக் குறைவாகவே எடுத்தார்கள். இந்த மாதிரி பல ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோதும், கவனம் சிதறிச் சாப்பிடுகிறவர்கள் அந்த வேளையில் கொஞ்சம் அதிகமாகவும், அடுத்த வேளையில் இன்னும் அதிகமாகவும் சாப்பிடுவது தெரிந்தது. மதியம் சாப்பிட்டதாக மனதில் பதிவாகவில்லை என்றால் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடத்தான் செய்வோம்.

சீரியலை விட வேண்டாம். விளம்பரம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், கதை ஓடும்போது கையை மடியில் வையுங்கள். என் மாமியார் இப்படித்தான் செய்கிறார். விளம்பரத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போனை ஓரமா வெச்சுட்டு உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல போரடிக்குதே.

அடிக்கும். முதல் வாரம் என் இடது கை பத்து தடவை பாக்கெட்டுக்குப் போனது. பிறகு ஒன்று புரிந்தது, போரடிப்பது பெரும்பாலும் வயிறு போதும் என்று சொன்ன பிறகுதான். அந்த இடத்தில்தான் வழக்கமாக வீடியோ வந்து, மீதி இருக்கும் சோற்றை நமக்குத் தெரியாமல் உள்ளே இறக்கிவிட்டுப் போகிறது.

கையாலதான் சாப்பிடணுமா? நான் ஸ்பூன்லதான் சாப்பிடுவேன்.

ஸ்பூனிலேயே சாப்பிடுங்கள். கையில் ஒரு வசதி உண்டு, சூடு எவ்வளவு என்று நாக்குக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். நாக்கைச் சுட்டுக்கொண்டால் அந்த வேளைச் சாப்பாடே போச்சு.

சூடு ருசியையே மாற்றிவிடும் என்பதையும் கவனித்துப் பாருங்கள். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுகிற அளவு இனிக்கும், அதே ஐஸ்கிரீம் உறைந்திருக்கும்போது அவ்வளவு இனிக்காது. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரிவதால், அதை ஈடுகட்டச் சர்க்கரையைக் கொட்டித்தான் செய்கிறார்கள்.

ஆபீஸ்ல லஞ்ச் அரை மணி நேரம். மைக்ரோவேவ்ல க்யூ நின்னே பாதி போயிடுது. இதுல எங்க கவனிக்கறது?

மூன்று கவளத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகுமா? டப்பாவைத் திறந்ததும் ஒரு தடவை முகருங்கள், காலையில் அடைத்த வாசனை முழுக்க அங்கேதான் நிற்கும். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் சாப்பிட வேண்டாம், வேறு எங்கே உட்கார்ந்தாலும் சரி, மொட்டை மாடிப் படிக்கட்டாக இருந்தாலும் சரி. தட்டும் மெயிலும் ஒரே மேஜையில் இருந்தால் மெயில்தான் ஜெயிக்கும்.

இப்படிச் சாப்பிட்டா எடை குறையுமா? அதை மட்டும் சொல்லுங்க.

நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆய்வு முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன, சிலருக்குக் குறைகிறது, பலருக்குப் பெரிய மாற்றம் இல்லை. மனசு சரியில்லாதபோது கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பிரச்சினைக்கு இது உதவுகிறது என்பதற்கு ஆதாரம் கொஞ்சம் வலுவாக இருக்கிறது, ஜீன் கிறிஸ்டெல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதற்கென்றே ஒரு பயிற்சி முறையை உருவாக்கியிருக்கிறார். என்னையே கேட்டால், மூன்று வருஷத்தில் இரண்டு கிலோ குறைந்து, அதே இரண்டு கிலோ திரும்பி வந்திருக்கிறது. ருசிக்காகச் செய்கிறேன், அது கிடைக்கிறது.

இதோடு சேர்த்துச் சின்னத் தட்டில் சாப்பிடு, தின்பண்ட ஜாடியைக் கண்ணில் படாமல் வை என்று நிறைய யோசனைகள் சுற்றுகின்றன. அவற்றில் பல பிரயன் வான்சிங்க் என்ற முன்னாள் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரின் பரிசோதனைகளால் பிரபலமானவை. அவர் ஆய்வில் முறைகேடு செய்திருக்கிறார் என்று 2018இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது, அவருடைய பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதனால் சின்னத் தட்டு வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய 20 நிமிஷம் ஆகும் என்று சொல்வதும் தோராயக் கணக்குதான். குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்பது உண்மை, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

பஜ்ஜி, பரோட்டா, சிப்ஸ் எல்லாம் விடணுமா?

விட்டால் எதைக் கவனிப்பது? பஜ்ஜிதான் இதற்கு நல்ல பாடம். டீக்கடையில் அப்போதுதான் அரித்தெடுத்த வாழைக்காய் பஜ்ஜி, பேப்பரில் எண்ணெய் ஊறுவதற்குள் முதல் கடி: மேலே மாவு மொறுக்கென்று உடையும், உள்ளே ஆவி வரும், வாழைக்காய் பல்லுக்கு இதமாக வழுக்கும், ஓமம் எங்கிருந்தோ வரும். இரண்டாவது பஜ்ஜியும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவதில் எனக்கு மாவும் எண்ணெயும் மட்டும்தான் தெரிந்தது. முன்பெல்லாம் ஐந்து சாப்பிடுவேன், கடைசி மூன்றைச் சாப்பிட்டதற்குக் காரணம் பேச்சு சுவாரசியம்.

பாக்கெட் சிப்ஸில் கதை வேறு மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்துக் கவனித்துச் சாப்பிட்டபோது ஐந்தாவதுக்கு மேல் உப்பும் மொறுமொறுப்பும் தவிர ஒன்றும் இல்லை. அந்த மொறுமொறுப்பும் பாதி காதில்தான் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்ஃபோன் வழியாகக் கூட்டியும் குறைத்தும் கேட்கவைத்தார்கள், சத்தம் கூடினால் அதே சிப்ஸ் இன்னும் புதிதாக, மொறுமொறுப்பாக இருப்பதாகச் சொன்னார்கள் சாப்பிட்டவர்கள். சிரிக்கவைத்து அப்புறம் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்கு என்று கொடுக்கும் இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. நம் வீட்டு அப்பளத்துக்கும் இதே நியாயம்தான், முன்கூட்டியே நொறுக்கிச் சாம்பார் சாதத்தில் போட்டு நமுத்துப்போக விடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

எனக்குக் காரம் இல்லாம எதுவும் ருசிக்காது. நாக்கு மரத்துப்போச்சா?

காரத்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். காரம் நாக்கு அறியும் சுவையே இல்லை, சுடுவதையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் எந்த ஏற்பியைத் தொட்டு எரிய வைக்கிறது என்று 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். துவர்ப்பும் அப்படித்தான், வாயின் வழுவழுப்பு போய்ப் பிடித்து இழுக்கும் தொடு உணர்ச்சி. நம் பெரியவர்கள் இரண்டையும் அறுசுவையில் சேர்த்தது, வாய்க்குள் நடப்பதையெல்லாம் ஒரே கணக்கில் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எரிச்சல் அதிகமாக இருக்கும்போது மற்றது எதையும் கவனிக்க முடியாது. அதனால் முதலில் பருப்பும் நெய்யும் பிசைந்து மூன்று கவளம், காரக்குழம்பு அப்புறம். ஒரு நாள் பெரிய நெல்லிக்காயை மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் காசு கொடுத்து வாங்கித் தின்ற அந்தத் தண்ணீர் இனிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

எல்லாருக்கும் பரிமாறிட்டு, அடுப்படியில நின்னுக்கிட்டே மிச்சம் மீதியைச் சாப்பிடறேன். எனக்கு எங்க கவனம் வரும் சொல்லுங்க?

கேட்டவர் எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஒரு அக்கா. நான் மூன்று கவளம் கதையை எடுத்ததும் கேட்ட கேள்வி இது, என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இது அவருடைய கவனத்தின் பிரச்சினை இல்லையே.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து தட்டுக்கு வந்து இரண்டு நிமிஷத்துக்குள் சாப்பிட்டால்தான் தோசை, ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று. ஐந்து நிமிஷம் ஆனால் வளைந்து தொங்கும். வீட்டில் எல்லாருக்கும் முதல் ரகம் போகிறது, வார்க்கிறவருக்கு எப்போதும் இரண்டாவது ரகம், அதுவும் கல் ஆறின பிறகு மாவு வழித்து ஊற்றின கடைசித் தோசை. அன்று வீட்டுக்குப் போய்க் கவனித்தபோது என் வீட்டிலும் அதேதான். இப்போது நாங்கள் முறை வைத்திருக்கிறோம்: முதல் நாலு அவள் வார்க்கிறாள், அப்புறம் கரண்டி என் கைக்கு. என் தோசை வட்டமாக வராது. ஆனாலும் சூடாக இருக்கிறது, அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அக்காவுக்கு நான் சொன்னது, எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டு எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், நீங்களும் கூடவே உட்காருங்கள் என்று. "பேசறது ஈசி தம்பி" என்றார். பிறகு ஒரு மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் அப்படி நடக்கிறது என்றார். குழந்தைத் தட்டில் மிச்சமானதை வாயில் போட்டுக்கொள்வதையும் நிறுத்தப் பார்க்கிறாராம், அது இன்னும் முடியவில்லையாம். வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது லேசில் போகாது. முதலிலேயே குறைவாகப் போடுவது ஒன்றுதான் வழி.

பேசிக்கிட்டே சாப்பிடலாமா? எங்க தாத்தா சாப்பிடும்போது பேசினா முறைப்பார்.

தாராளமாகப் பேசலாம். சாப்பாட்டைப் பற்றியே கொஞ்சம் பேசினால் இன்னும் நல்லது, "இந்தக் கத்திரிக்காய் வேற ஊர்க் காய் மாதிரி இருக்கே" என்று ஒருத்தர் சொன்னால் எல்லார் கவனமும் கத்திரிக்காய்க்குத் திரும்பிவிடும். மார்க் ஷீட், கடன், சொத்து இந்த மூன்றை மட்டும் கை கழுவின பிறகு எடுங்கள்.

கல்யாணப் பந்தியில என்ன பண்றது? பின்னாடியே அடுத்த ஆள் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே!

பந்தியில் முதல் மூன்று கவளம் வேலைக்கு ஆகாது, இலையில் இருபது வகை இருக்கும்போது எதற்கு முதல் மூன்று? இலையை ஒரு தடவை முழுக்கப் பாருங்கள். வீட்டில் கிடைக்காத மூன்றைத் தேர்ந்தெடுங்கள், அவற்றுக்குக் கவனம், மற்றதுக்குக் கையைக் குறுக்கே நீட்டி "போதும்". நான் பெரும்பாலும் எடுப்பது பைனாப்பிள் ரசம், சேனை வறுவல், பால் பாயசம். சாம்பார் இட்லி தினமும் வீட்டில் இருக்கிறது. பின்னால் நிற்கிறவரைப் பார்க்காமல் இருக்கத்தான் பயிற்சி வேண்டும், அதில் நான் இன்னும் தேறவில்லை.

பசிச்சாத்தான் சாப்பிடணும்னு சொல்றாங்க. எனக்குச் சுகர் இருக்கு, மாத்திரை போடறேன், நான் என்ன பண்ண?

நீங்கள் மருத்துவர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் பசிக்காகக் காத்திருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரை போகலாம். "துவரப் பசித்து" உண்ணச் சொன்னார் வள்ளுவர், அவர் காலத்தில் இன்சுலின் இல்லை. நேரத்தை மாற்றாமல், சாப்பிடும்போது கவனிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

குழந்தை போன் காட்டினாத்தான் வாயைத் திறக்குது. நிலா காட்டி ஊட்டினதும் கவனச் சிதறல்தானே?

நல்ல மடக்கு. ஆனால் நிலா ஒன்று முடிந்ததும் அடுத்த நிலா தானாக ஓட ஆரம்பிக்காது. நிலாவைக் காட்டும்போது அம்மாவும் பார்ப்பாள், பேசுவாள், குழந்தை "போதும்" என்று முகம் திருப்பினால் அவளுக்குத் தெரியும். போன் பார்க்கும் குழந்தை முகத்தைத் திருப்புவதே இல்லை.

ஒரேயடியாகப் பிடுங்கினால் ரகளைதான். ஒரு வேளை மட்டும், அதுவும் குழந்தைக்கு நல்ல பசி இருக்கும் வேளை, போன் இல்லாமல் தட்டில் சின்னதாக நாலு இட்லித் துண்டு போட்டு விடுங்கள். பிசையும், தலையில் தேய்க்கும், பாதி கீழே போகும். போகட்டும்.

கவனிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து சாப்பாட்டைப் பத்தியே யோசிக்கறேன். ஒரு வாய் கூடப் போனாலும் குற்ற உணர்ச்சியா இருக்கு.

அப்படியானால் நிறுத்திவிடுங்கள். ருசிக்காக ஆரம்பித்தது கண்காணிப்பாக மாறினால் அது வேறு விஷயம். ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது, அளவில்லாமல் சாப்பிட்டு வாந்தி எடுப்பது மாதிரி பழக்கம் இருந்தவர்கள் தனியாக இதில் இறங்க வேண்டாம், மனநல மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். இதில் நான் விளையாட்டாக எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கவனிச்சுச் சாப்பிடப் போய், என் வீட்டம்மா சமையல்ல குறையெல்லாம் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இப்ப என்ன பண்றது?

சிரிக்காதீர்கள், மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். தெரியத்தான் செய்யும், கவனம் நல்லதை மட்டும் எடுத்துக் காட்டாது. என் வீட்டுக் கூட்டில் தேங்காய் அரைத்தது கொஞ்சம் கொரகொரப்பாக நிற்பதும், சாம்பாரில் வெந்தயம் ஒரு நாள் கருகியதும் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டேன். அடுத்த நாள் "நீங்களே பண்ணுங்க" என்று கரண்டி வந்தது. வெந்தயம் பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் எத்தனை நொடி நிற்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன், என்னுடையதும் கருகியது.

இப்போது இரவில் உப்பு சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. "உப்பு சரி, பெருங்காயம் தூக்கலா இருந்தது, எனக்குப் பிடிச்சது" என்கிற அளவுக்கு. என்ன பொரியல் என்று தெரியாமல் முழித்ததைவிட இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்க்கவில்லை.

கொரோனா வந்துபோனதிலேர்ந்து வாசனையே தெரியலை. எனக்கு இதெல்லாம் எதுக்கு?

இதற்குத்தான் அதிகம் யோசித்தேன். ரசச் சோதனையில் மூக்கைப் பொத்தியபோது என்ன இருந்ததோ அதுதான் உங்களுக்குத் தினமும். ஆனால் அந்த மீதியும் சும்மா இல்லை. புளிப்பும் உப்பும் இருக்கிறது, காரமும் துவர்ப்பும் மூக்கை நம்பி இல்லை, அப்பளத்தின் சத்தம், குளிர்ந்த தயிர் சாதத்தில் சூடாகத் தாளித்த கடுகு, மாதுளை முத்து வெடிப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது. உங்கள் தட்டில் இந்த வேறுபாடுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள், எல்லாம் குழைவாக இருக்கும் சாப்பாடுதான் உங்களுக்கு மண் மாதிரி இருக்கும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒரு தடவை பாருங்கள். வாசனைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்டது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நான்கையும் காலையும் மாலையும் சில நொடி முகர்ந்து, 12 வாரம் தொடர்வது. எல்லாருக்கும் பலிக்காது, சிலருக்கு முன்னேற்றம் தெரிகிறது. திரும்பி வரும்போது சில வாசனை கோணலாக வரும், என் சித்திக்குக் காபி டிகாக்‌ஷன் பல மாதம் கருகின ரப்பர் மாதிரி நாறியது, அவர் டீக்கு மாறிக்கொண்டார்.

அதுவரை ருசியைவிட முக்கியமாக ஒரு வேலை இருக்கிறது. கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது, ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். கெட்டுப்போன குழம்பும் தெரியாது, ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள், சந்தேகமாக இருந்தால் வீட்டில் வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள்.